முழங்கால் தேய்மானம்: வெளியே போவதை விடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

செம்பவாங்_பார்வதி

வணக்கம். சிங்கப்பூரில் இருக்கிறேன், எனக்கு 68 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம், வலது கால் ரொம்ப மோசம். பலதுறை மருந்தகத்தில் (அரசாங்கப் பாலிகிளினிக்) எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "நடங்க, எடையைக் குறைங்க" என்று சொல்லி, பாராசிட்டமாலும் ஒரு களிம்பும் கொடுத்தார்கள். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

வலியைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறேனே, அதுதான் மனசை அரிக்கிறது. முதலில் தேக்கா சந்தை நின்றது, ஈரத் தரையில் கால் ஊன்றவே பயம். அப்புறம் வெள்ளிக்கிழமை கோயில். பேருந்தில் ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது, பின்னால் வரிசை நிற்கிறது. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்தவள், இப்போது கீழே இருக்கும் கோப்பிக்கடைக்குப் போகவே யோசிக்கிறேன்.

மகன் "எதுக்கும்மா கஷ்டம், எல்லாத்தையும் ஆன்லைன்ல வரவழைச்சிடலாம், நீங்க பேசாம வீட்ல இருங்க" என்கிறான். பாசத்தில் சொல்கிறான், எனக்குத் தெரியும். ஆனால் வீட்டோடு இருந்துவிட்டால் இன்னும் முடங்கிப்போய்விடுவேன் என்று தோன்றுகிறது. இதே நிலையில் இருப்பவர்களும் பெற்றோரைப் பார்த்துக்கொள்பவர்களும், உங்களுக்கு உண்மையிலேயே எது கைகொடுத்தது என்று சொல்லுங்கள்.

தோபாயோ_கண்ணன்

ஆண்ட்டி, என் அம்மா குளுக்கோசமின் சாப்பிடுகிறார். பரவாயில்லை என்கிறார். கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி சந்தைக்குப் போன இடத்தில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்கும் அம்மாவைத் தனியாக அனுப்பப் பயம்தான்.

ஓய்வுபெற்ற_தாதி

பார்வதி அக்கா, நான் எலும்பு மூட்டு வார்டில் பல வருடம் தாதியாக இருந்தவள். உங்கள் பயம் சரியானது. வலிக்கிறது என்று நடப்பதைக் குறைப்போம். குறைத்தால் முன்தொடைத் தசை மெலியும். அது மெலிந்தால் உடம்பின் பாரம் அப்படியே மூட்டில் இறங்கும், வலி கூடும், இன்னும் குறைப்போம். வார்டில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் இப்படிப் படிப்படியாக முடங்கி வந்தவர்கள்தான்.

கண்ணன் தம்பி, விழுவதைப் பற்றிய உங்கள் பயமும் நியாயமானதே. ஆனால் வீட்டில் உட்கார்ந்தே இருப்பவர் கழிவறைக்குப் போகும் வழியில் விழுகிறார். காலில் பலம் இருந்தால்தான் தடுமாறும்போது சமாளித்து நிற்க முடியும்.

"தேய்மானம்" என்று கேட்டதும், நடந்தால் இன்னும் தேயும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டில் எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டில் பாரம் விழுந்து விழுந்து விலகும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்துப் போகிறது. அளவான அசைவு அதற்குத் தேவை. எக்ஸ்ரேயைப் பார்த்தும் மிரளாதீர்கள். படத்தில் மோசமாக இருப்பவர் ஓடியாடித் திரிவார், லேசாக இருப்பவர் வலியில் துடிப்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்ல அனுமதி என்றால், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைச் சொல்வேன். சாப்பாட்டு மேசை நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நழுவக்கூடாது. தாழ்வாக இருந்தால் மேலே ஒரு கெட்டியான திண்டை வையுங்கள், உயரம் கூடினால் எழுவது சுலபம். நுனிக்கு வந்து உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னால் சாய்ந்து, குதிகாலை அழுத்தி எழுந்திருங்கள். இறங்கும்போது தொப்பென்று விழக்கூடாது. மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தசை பலப்பட அந்த இறக்கமும் முக்கியம். முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டு செய்யலாம். ஐந்து தடவை முடிந்தால் ஐந்து, அதுவே போதும். எழும்போது முழங்கால்கள் இரண்டும் உள்பக்கமாக ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

அதுவும் முடியாத நாளில் படுக்கையிலேயே ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து, அதை அழுத்தி, ஐந்து எண்ணி விடுங்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும். பத்துக்கு நாலு, ஐந்து வரை வலித்தால் தொடரலாம். மறுநாளைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறையுங்கள். பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். குளுக்கோசமினை 2006ல் அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். மொத்தத்தில் மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிடப் பெரிதாக வித்தியாசம் இல்லை. பிரிட்டன் 2022ல் வெளியிட்ட வழிகாட்டியில் முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமினைத் தரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். பாராசிட்டமாலையும் வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறார்கள். முதலில் தடவும் வலிநிவாரணியைத்தான் சொல்கிறார்கள். கண்ணன், உங்கள் அம்மாவுக்கு அது நிறைவாக இருந்தால் நான் குறுக்கே நிற்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மருந்து எடுப்பவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், ரத்தம் உறையும் அளவு மாறலாம்.

அக்கா, உங்களுக்குக் களிம்பு கொடுத்தது சரிதான். கடையில் கிடைக்கும் இபுபுரோஃபன் வகை வலி மாத்திரைகளை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையோடு அவை சேரும்போது சிறுநீரகம் அடிவாங்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. கீட்டோபுரோஃபன் என்ற வலி மருந்து உள்ள ஒட்டு (பிளாஸ்டர்) தந்திருந்தால், ஒட்டியிருக்கும்போதும் எடுத்த பிறகு இரண்டு வாரமும் அந்த இடத்தில் வெயில் படக்கூடாது, தோல் வெந்ததுபோல் ஆகிவிடும். அரைக்கால் உடை போடுகிறவர்கள் கவனியுங்கள்.

அடுத்த முறை மருந்தகத்துக்குப் போகும்போது "பிசியோ பார்க்கணும்" என்று நீங்களே கேளுங்கள். பல பலதுறை மருந்தகங்களில் அங்கேயே உண்டு.

மணியம்_புக்கிட்பாத்தோக்

எல்லாம் சரி. ஆனால் பயிற்சியிலேயே எல்லாம் தீரும் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. நான் இடது முழங்காலை மாற்றியவன். ராத்திரி தூங்க முடியாமல், காப்பி போட எழுந்து நடந்தாலே கண்ணில் நீர் வரும் நிலைக்குப் போன பிறகுதான் ஒத்துக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை தேதி தரவில்லை, புண் பழுக்கும் அபாயம் என்றார்கள். பல்லையும் பார்க்கச் சொன்னார்கள். அறுவை முடிந்த மறுநாளே எழுப்பி நடக்கவைத்தார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. காலை மடக்கும் பயிற்சி இருக்கிறதே, பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டும். மனைவி பக்கத்தில் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்பாள். அந்த முதல் சில வாரங்களில் சோம்பினால் கால் விறைத்துப்போகும்.

இன்று சைனீஸ் கார்டன் பக்கம் சுற்றி வருகிறேன், படி ஏறுகிறேன். முன்பிருந்த வலி இல்லை. ஆனால் தரையில் சம்மணம் போட முடியாது. கோயிலில் விழுந்து கும்பிடுவது போயிற்று, அன்னதானத்தில் நாற்காலிதான். மண்டியிட்டால் ஏதோ ஓட்டின்மேல் முட்டி போட்டதுபோல் இருக்கும். ஒரே காலில்தான் செய்தேன், மற்றதற்கு நம் தாதி அம்மா சொன்ன அதே நாற்காலிப் பயிற்சிதான்.

செயற்கை மூட்டு பத்து வருடத்தில் போய்விடும் என்பது பழைய பேச்சு. முழு மூட்டு மாற்றியவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு 25 வருடம் தாங்குகிறது என்று 2019ல் பெரிய ஆய்வு வந்திருக்கிறது. மெடிசேவும் (நம் மருத்துவச் சேமிப்பு) மெடிஷீல்டு லைஃபும் (தேசிய மருத்துவக் காப்புறுதி) பயன்படுத்தலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம், நேராகப் போய்விடாதீர்கள்.

ஓய்வுபெற்ற_தாதி

மணியம் அண்ணே, ஒத்துக்கொள்கிறேன். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, அன்றாட வேலை நிற்கிறது, பயிற்சியும் எடைக் குறைப்பும் முறையாகச் செய்தும் பலனில்லை என்றால் அறுவை நல்ல வழி. மாற்றியவர்களில் சிலருக்கு வலி தொடர்வதும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். அறுவைக்குப் போகும் முன் தொடைத் தசையைத் தேற்றிக்கொண்டு போகிறவர் சீக்கிரம் எழுந்து நடப்பார். அதனால் எந்த வழியாக இருந்தாலும் பயிற்சி வீண்போகாது.

துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் சின்ன அறுவையை யாராவது சொன்னால் நன்றாகக் கேள்வி கேளுங்கள். 2002ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு மூட்டைக் கழுவினார்கள், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

வசந்தி_உட்லண்ட்ஸ்

ஜோகூரில் ஒரு மூலிகைப் பொடி கிடைக்கிறது. என் பக்கத்து வீட்டு அக்கா சாப்பிட்டார், மூன்றே நாளில் வலி பறந்துவிட்டதாம். இயற்கைப் பொருள்தான், பக்கவிளைவு கிடையாது. வேண்டுமென்றால் வாங்கி வரச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_தாதி

வசந்தி, தயவுசெய்து வேண்டாம்மா. மூன்று நாளில் வலி பறக்கிறது என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இப்படி "மூலிகை" என்று விற்கும் மூட்டு வலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அறிவியல் ஆணையம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. முகம் வட்டமாக உப்பும், சர்க்கரை எகிறும், தோல் மெலியும், எலும்பு பலவீனமாகும். பல வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தானாகச் சுரப்பதை அதற்குள் குறைத்திருக்கும், மயங்கி விழுவார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரைப் பார்க்கட்டும். தானாக நிறுத்த வேண்டாம் என்று கட்டாயம் சொல்லுங்கள்.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், கோடாலித் தைலம் இதெல்லாம் வேறு. சாப்பிடுங்கள், தேய்த்துக்கொள்ளுங்கள். சூடான தைலத்தைத் தேய்த்துவிட்டு ஒருவர் பத்து நிமிடம் காலைப் பிடித்துவிடுவதில் வருகிற ஆறுதலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

வசந்தி_உட்லண்ட்ஸ்

ஐயோ, அவர் முகம் கொஞ்ச நாளாக உப்பித்தான் இருக்கிறது. இப்போதே போய்ச் சொல்கிறேன்.

பொங்கோல்_மருமகள்

வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. என் மாமியாருக்கு 74. எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை குளியலறை வாசல்தான். அந்தச் சின்னத் திட்டு இருக்கிறதே, நமக்கு ஒன்றுமில்லை, அவருக்கு மலை. காலைத் தூக்கி வைக்கும்போது சோப்பு நுரைமேல் மற்றக் கால் நிற்கும்.

வீவகவின் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஈஸ் திட்டத்துக்கு, அதாவது மூத்தோருக்கு வீட்டில் பாதுகாப்பு வசதி செய்து தரும் திட்டத்துக்கு விண்ணப்பித்தோம். 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பத்துக்குக் கொடுக்கிறார்கள். கைப்பிடிக் கம்பிகள், வழுக்காத தரைப் பூச்சு, திட்டுக்குச் சாய்தளம் எல்லாம் உண்டு. வீட்டின் வகையைப் பொறுத்துச் செலவில் 5லிருந்து 12.5 விழுக்காடுதான் நாம் கட்ட வேண்டும். 2024லிருந்து மடக்கிவைக்கும் குளியல் இருக்கையும் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். கம்பி பொருத்த வரும்போது, அந்தப் பெரியவரையே கழிவறையில் உட்காரவைத்து, எழுந்திருக்கும்போது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் பென்சிலால் குறியுங்கள். மாமியாருக்கு வலது கை முன்னால் போனது, பக்கவாட்டில் போகவில்லை. நாங்களாக முடிவு செய்திருந்தால் எட்டாத இடத்தில்தான் போட்டிருப்போம்.

கைத்தடிதான் பெரிய போராட்டம். "தடி பிடிச்சா கிழவின்னு சொல்வாங்க" என்று வாங்கவே விடவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. அவருடைய அக்கா பிடோக்கிலிருந்து தடியோடு வந்து, நம் கீழ்த்தளத்தில் இவரைவிட வேகமாக நடந்து காட்டினார். அடுத்த வாரம் இவரே கேட்டார்.

செம்பவாங்_பார்வதி

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. நாற்காலிப் பயிற்சியைத் தொடங்கிவிட்டேன், முதலில் மேசையைப் பிடித்துக்கொண்டுதான். மகனிடம் இந்த இழையைக் காட்டினேன். ஈஸ் விண்ணப்பத்தை அவனே போடுகிறேன் என்றான்.

இரண்டு சந்தேகம். தடியை வலிக்கிற காலின் பக்கம்தானே பிடிக்க வேண்டும்? அப்புறம் ஊசி போட்டால் நல்லது என்று ஒருவர் சொன்னார், போடலாமா? மணியம் தம்பி, தைப்பூசத்துக்கு நீங்கள் போகிறீர்களா?

ஓய்வுபெற்ற_தாதி

எதிர்ப்பக்கக் கை அக்கா. வலது கால் வலித்தால் தடி இடது கையில். வலது காலை வைக்கும்போதே தடியும் சேர்ந்து போக வேண்டும், அப்போதுதான் பாரம் பிரியும். வெளியே போகும் செருப்பைப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வர வேண்டும். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், சந்தைத் தரையில் அது வழுக்கிவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

60 வயது தாண்டியவர்கள் வசதி குறைவாக இருந்தால், நடமாட்ட உதவிக் கருவிகளுக்கு மூத்தோர் நிதி ஒன்று உண்டு, 90 விழுக்காடு வரை மானியம். மருத்துவமனையிலோ பக்கத்திலுள்ள மூத்தோர் நிலையத்திலோ கேட்டால் வழிசொல்வார்கள்.

ஊசி என்றால் ஸ்டீராய்டு ஊசியைத்தான் சொல்லியிருப்பார். சில வாரம் வலி குறையும். மகள் கல்யாணம், ஊர்ப் பயணம் என்று ஏதாவது இருந்தால் உதவும். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீதம் இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஒரு ஆய்வில் (2017ல் வந்தது) உப்புநீர் ஊசியைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு கூடுதலாகக் கரைந்திருந்தது. உங்களுக்குச் சர்க்கரை வேறு, போட்ட பிறகு சில நாள் ஏறும். அதைச் சொல்லிவிட்டு, யோசித்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

எடையைப் பற்றி ஒரே வரி: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது. நீங்கள் பத்துக் கிலோ இளைக்க வேண்டியதில்லை.

மணியம்_புக்கிட்பாத்தோக்

போகிறேன் அக்கா. ஊர்வலம் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். நடப்பதைக்கூடச் சமாளிக்கலாம், வரிசையில் அசையாமல் நிற்பதுதான் காலைக் கொல்லும். அதனால் குடத்தை மகன் எடுக்கிறான், நான் நேராகத் தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போய்விடுகிறேன். முருகனுக்குத் தெரியாதா என்ன நம் முழங்காலைப் பற்றி. முன்பு ஒவ்வொரு வருடமும் எடுத்தவர்களுக்கு அது சுலபமாக இருக்காது, எனக்கும் சுலபமாக இல்லை.

65 வயதாகிவிட்ட குடிமக்களுக்கு ஆக்டிவ்எஸ்ஜி பொது நீச்சல் குளங்களில் நுழைவு இலவசம். நீந்தத் தெரிய வேண்டாம். நெஞ்சளவுத் தண்ணீரில் பக்கவாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும், உடம்பு பஞ்சாக இருக்கும்.

தடம்_ஓட்டி

நான் பேருந்து ஓட்டுநர். பார்வதி அம்மா எழுதியதைப் படித்ததும் சொல்லத் தோன்றியது.

கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்து ஏறுவது எங்களுக்குக் கண்ணாடியில் தெரியும். வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்த எங்களால் முடியும். தடியைச் சற்று உயர்த்திக் காட்டுங்கள், அல்லது "கொஞ்சம் இறக்குங்க" என்று சைகை காட்டுங்கள், செய்வோம். நிறுத்தத்தில் முன்கதவு வந்து நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றால் திட்டை ஒட்டி நிறுத்தலாம். நீங்கள் தூர நின்று நடந்து வரும்போதுதான் அவசரம்.

முக்கியமானது இறங்குவது. மணியை முன்கூட்டியே அடித்துவிட்டு, வண்டி முழுதாக நிற்கும்வரை இருக்கையைவிட்டு எழாதீர்கள். பெரியவர்கள் "ஓட்டுநர் கிளப்பிவிடுவார்" என்று பயந்து ஓடும்போதே எழுந்து வருகிறார்கள், பிரேக்கில் விழுவது அப்போதுதான். நாங்கள் காத்திருப்போம். பின்னால் நிற்பவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

சாலை கடக்கும்போது கம்பத்தில் அட்டை தட்டும் பெட்டி இருக்கிறதா பாருங்கள். மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும், சாலையின் அகலத்தைப் பொறுத்து 3லிருந்து 13 விநாடி. எல்லாச் சந்திப்பிலும் கிடையாது. அது உள்ள வழியாகவே போகப் பழகிக்கொள்ளுங்கள்.

தோபாயோ_கண்ணன்

இந்த அட்டை விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நேற்று அம்மாவோடு போய்த் தட்டிப் பார்த்தோம். பாதிச் சாலையில் நின்று தவிப்பது இல்லாமல் நிதானமாகக் கடந்தார். தாதி அம்மா, அம்மா வார்ஃபரின் எடுப்பதில்லை, கேட்டுவிட்டேன்.

செம்பவாங்_பார்வதி

பிசியோ தேதி கிடைத்துவிட்டது. எதிர்க்கையில் தடி பிடிக்க முதலில் குழப்பமாக இருந்தது, இப்போது கை பழகிவிட்டது. மகனோடு சந்தைக்கும் போய் வந்தேன். அவன் பையைத் தூக்க, மீனை நானே பார்த்து வாங்கினேன். ஆனால் சாயங்காலம் வலது முழங்கால் லேசாக வீங்கிவிட்டது. இது பரவாயில்லையா? எந்த வீக்கத்துக்குப் பயப்பட வேண்டும்?

ஓய்வுபெற்ற_தாதி

கூடுதலாக நடந்த நாளில் லேசான வீக்கம் வருவது உண்டு. காலை உயரத்தில் வைத்து, துணியில் சுற்றிய ஐஸை ஒரு பதினைந்து நிமிடம் வையுங்கள். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் நேரத்தை இன்னும் குறையுங்கள். ஓரிரு நாளில் வடிந்துவிட்டால் கவலை இல்லை, அடுத்த தடவை இடையில் உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

முழங்கால் சிவந்து, தொட்டால் கொதித்து, காய்ச்சலும் வந்தால் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், மூட்டில் கிருமித் தொற்றாக இருக்கலாம். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலும் அன்றே காட்ட வேண்டும், ரத்தக்கட்டியாக இருக்கலாம். கால் திடீரென்று மடக்கவோ நீட்டவோ முடியாமல் சிக்கிக்கொண்டாலும், விழுந்த பிறகு பாரம் ஊன்ற முடியாவிட்டாலும் அப்படித்தான். மகன் வேலையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.